வீட்டில் இருக்கும் ஒரே போனில் பைத்தான் பழகுவது எப்படி

2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மறுபடியும் பூட்டிக் கிடந்தது. ப்ளஸ் டூ தேர்வையே அந்த ஜூனில் ரத்து செய்துவிட்டார்கள். காலையில் கல்வித் தொலைக்காட்சி, அப்புறம் வாட்ஸாப்பில் வரும் வீட்டுப்பாடம், அதற்கு மேல் பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. அந்த நேரத்தில் கோடிங், அதாவது கணினிக்கு நிரல் எழுதுவதை, கற்றுக்கொள்ளலாமா என்று பிள்ளைகளும் கேட்டார்கள், பெற்றவர்களும் கேட்டார்கள். நான் காரைக்குடியில் ஒரு கணினி மையத்தில் டேலியும் டிடிபியும் சொல்லிக் கொடுப்பவள். மையம் மூடிய பிறகு, பள்ளத்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போன் வழியாகவும், முகப்பில் மாஸ்க்கோடு தள்ளித் தள்ளி உட்கார வைத்தும் பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித் தந்தேன். ஏழாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள். அவர்களிடம் எது பலித்ததோ அதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கணினி தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டாலும் செய்யலாம்.

முதலில் காசு விஷயம். 2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, ஆறாம் வகுப்பிலிருந்தே கோடிங் என்ற பேச்சு கிளம்பியது. அதிலிருந்து கோடிங் வகுப்பு விளம்பரம் ஓயவில்லை. இப்போதே சேர்க்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயம் காட்டுகிறார்கள். பயப்படாதீர்கள். பைத்தானை கைடோ வான் ரோசம் என்பவர் 1991இல் வெளியிட்டார். அன்றிலிருந்து இன்று வரை அதற்குக் காசு கிடையாது. கடன் வாங்கி யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஏழாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளை என்றால், வண்ணக் கட்டைகளை இழுத்து அடுக்கி விளையாட்டு செய்யும் ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது, அதுவும் இலவசம்தான்.

எதில் பழகுவது

ஆண்ட்ராய்டு போன் இருந்தால் பிளே ஸ்டோரில் பைட்ராய்டு 3 என்று தேடி ஏற்றுங்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் தேவையில்லை, பைத்தான் போனுக்குள்ளேயே ஓடும். நம் ஊர் வீடுகளுக்கு இது பெரிய வசதி. வளவுக்குள், அதாவது வீட்டின் உள்கட்டில், உட்கார்ந்தால் சிக்னல் வராது, சுவர் அவ்வளவு கனம். முகப்புக்கு வந்து டவுன்லோடு செய்துகொண்டு, உள்ளே போய் நிம்மதியாக எழுதலாம். வீடியோ வகுப்பு போல டேட்டாவும் தீராது.

அதற்கு முன் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். 2011 முதல் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுத்து வந்தது. அக்காவோ அண்ணனோ வாங்கியது பேட்டரி போய்த் துணியில் சுற்றிக் கிடக்கும். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரைச் செருகியபடியே பெரும்பாலும் ஓடும். அதில் விண்டோஸ் 7 இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பைத்தான் 3.9உம் அதற்குப் பிந்தையவையும் அதில் ஏறாது. பைத்தானின் தளத்தில் பழைய பதிப்புகளுக்குள் போய் 3.8 எடுக்க வேண்டும். 30 எம்பிக்குள்தான் இருக்கும். நிறுவும்போது முதல் திரையின் அடியில் பாத் என்று முடியும் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டுவிடுங்கள். பிறகு ஐடில் என்ற பெயரில் ஒரு சின்னம் வரும். அதைத் திறந்து எழுதினால் தமிழ் உடையாமல் தெரியும். விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் தமிழ் சிதறித்தான் தெரியும், ஆனால் கணக்கு சரியாகவே வரும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் உள்ள கணினியில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். அது 2 ஆக இல்லாமல் 3 ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1 அன்றே ஆதரவை நிறுத்திவிட்டார்கள். நான் கீழே சொல்லப்போவது அதில் ஓடவும் ஓடாது.

போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று என்றால்? எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும், ராத்திரிதான் திரும்பும். அதற்கு நான் வைத்திருக்கும் வழி நோட்டு. பகலில் நிரலை நோட்டில் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் அந்த வரி ஓடினால் என்ன விடை வரும் என்ற ஊகம். ராத்திரி போன் கைக்கு வந்ததும் தட்டிப் பார்த்து, ஊகம் சரியா என்று டிக் அடிக்க வேண்டும். போன் நாள் முழுக்கக் கையில் இருக்கும் பிள்ளைகளைவிட இப்படிப் படிக்கும் பிள்ளைகள் தெளிவாக இருக்கிறார்கள். தப்பாக ஊகித்த வரியைப் பற்றித்தான் அவர்கள் மறுநாள் கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. ஆகவே போன் தாராளமாகக் கிடைத்தாலும் நோட்டை விடாதீர்கள்.

பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் இருக்கும் வீட்டில், பையன் படித்து முடித்து விளையாடியும் முடித்த பிறகுதான் பெண்ணின் கைக்குப் போன் வருகிறது. அதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது அடுப்படியில் கூப்பிடுவார்கள். நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெண்ணுக்கு எழுதிய நேரத்தில் போன் அவளிடம்தான் இருக்க வேண்டும். அந்த 2021 ஊரடங்கில் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு சத்தமில்லாமல் நின்றுபோனதே என்ற கவலை எனக்கு நிறையவே இருக்கிறது.

வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

எல்லா வகுப்பிலும் முதல் நாள் திரையில் வணக்கம் என்று வரவைப்பார்கள். நீங்களும் செய்யுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் அதற்கு அடுத்தது வீட்டில் யாருக்காவது வேண்டிய கணக்காக இருக்கட்டும். விடை சரியா தப்பா என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே விதி. கணினி தெரியாத அப்பத்தாவுக்கும் வட்டிக் கணக்கு தெரியும். கல் பதிக்கிறவருக்குத் தரைக் கணக்கு தெரியும். இவர்கள்தான் பிள்ளைக்கு ஆசிரியர்கள்.

எங்கள் தெருவில் நன்றாகப் பிடித்துக்கொண்டது, தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் கணக்கு. எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் ஒரு அறைக்குத் தரை மாற்ற வேண்டியிருந்தது. 14 அடிக்கு 11 அடி, 10 அங்குலக் கல். எத்தனை கல் வாங்க வேண்டும்?

பைத்தான் 3இல் மாறிக்கு, அதாவது ஒரு எண்ணைப் போட்டு வைக்கும் இடத்துக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆங்கிலத்தைக் கண்டு தயங்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தெம்பு என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். ஐடிலில் இப்படி எழுதினாள் (நட்சத்திரக் குறி பெருக்கல், சாய்கோடு வகுத்தல்):

நீளம் = 14 * 12
அகலம் = 11 * 12
கல் = 10
நீளம் * அகலம் / (கல் * கல்)

கடைசி வரிக்கு எண்டர் தட்டியதும் 221.76 என்று வந்தது. (போனில் எடிட்டரில் எழுதி ஓட்டுகிறவர்களுக்குக் கடைசி வரி தானாக வராது, அதை பிரின்ட் என்ற கட்டளையின் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பிரின்ட் என்பதை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) சரி, 222 கல் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கல் பதிக்கிற அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பத்தாதும்மா, பூக்கல்லுல வெட்டுன துண்ட அந்தப் பக்கம் சேக்க முடியாதுல்ல" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பாருங்கள். நீளவாட்டில் 168 அங்குலம். 16 கல் வைத்தால் 8 அங்குலம் மிச்சம், அதற்கு 17ஆவது கல்லை வெட்ட வேண்டும். அகலவாட்டில் 132 அங்குலம். 13 கல் போக 2 அங்குலம் மிச்சம், அதற்கும் 14ஆவதாக ஒரு கல். வெட்டியதில் மீந்த துண்டின் பூ வேறு இடத்தில் பொருந்தாது. ஆகவே பரப்பளவை வகுத்தால் போதாது, ஒவ்வொரு வாட்டத்துக்கும் தனித்தனியாக மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். பைத்தானில் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் மீதியைத் தள்ளிவிட்டு முழு எண்ணைக் கொடுக்கும். வகுக்கும் முன் கல்லின் அளவில் ஒன்று குறைத்துக் கூட்டிவிட்டால், மீதி இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கல் கூடும்:

நெடுக்கு = (நீளம் + கல் - 1) // கல்
குறுக்கு = (அகலம் + கல் - 1) // கல்
நெடுக்கு * குறுக்கு

17 பெருக்கல் 14, அதாவது 238. முதல் கணக்குக்கும் இதற்கும் 16 கல் வித்தியாசம். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டச் சொன்னார் அண்ணன். அதையும் சேர்த்தால் 250 வரும். அந்த ஒரு கூட்டிக் கழிக்கும் வரி ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது அந்தப் பெண் யாருக்கும் சொல்லிக் கொடுப்பாள். 8 அங்குலக் கல்லானால் என்ன ஆகும் என்று கல் என்ற மாறியை மட்டும் மாற்றிப் பார்த்தாள். நிரல் எதற்கு, கால்குலேட்டரே போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு எண்ணை மாற்றியதும் மொத்தக் கணக்கும் தானாகத் திரும்ப நடக்கிறதே, அதைக் காட்டுங்கள்.

வட்டிக் கணக்கும் இப்படித்தான். 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. ஒரு வருடத்துக்குத் தனிவட்டி 2,400 என்று பெரியவர்கள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். வட்டிக்கு வட்டி என்றால்? 10000 * 1.02 ** 12 என்று தட்டுங்கள் (இரட்டை நட்சத்திரம் அடுக்குக் குறி), 12,682 ரூபாய் சொச்சம் வரும். அதாவது தனிவட்டியைவிட 282 ரூபாய் அதிகம். இதையே 24, 36 மாதத்துக்குப் போட்டுப் பார்க்கும் பிள்ளை, கடன் எப்படி ஏறுகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு மாதமும் எவ்வளவு என்று வரிசையாக அச்சிடச் சொல்லுங்கள். அங்கேதான் மடக்கு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப், முதல்முறையாகத் தேவைப்படும். தேவை வந்த பிறகு சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் ஏறும்.

சிவப்பு எழுத்து வந்தால்

பிழைச் செய்தி வந்ததும் பிள்ளைகள் பாதிப் பேர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். திட்டுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். அதை அடியிலிருந்து படிக்கப் பழக்குங்கள். பைத்தானில் கடைசி வரியில்தான் என்ன பிழை என்று இருக்கும், அதற்கு மேலே எத்தனையாவது வரி என்று இருக்கும். நேம் எரர் என்றால் பெயரை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். தமிழில் ஒற்று விட்டாலும் அது வேறு பெயர்தான். சின்டாக்ஸ் எரர் என்றால் சொன்ன வரியையும் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். மூடாத அடைப்புக்குறி பெரும்பாலும் முந்தைய வரியில் இருக்கும். இன்டென்டேஷன் எரர் என்றால் வரி தொடங்கும் இடைவெளி சரியில்லை. நான்கு இடைவெளி என்று ஒரே பழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிரலை வாட்ஸாப்பில் செய்தியாகத் தட்டி அனுப்பாதீர்கள். இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் வரும் எழுத்தை அது தடித்த எழுத்தாக்கிவிட்டு, குறியைத் திரையிலிருந்து மறைத்துவிடும். பெருக்கல் குறி காணாமல் போகும். போன் கீபோர்டு வரியின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். கோப்பாக அனுப்பினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

யாராவது விடையைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரி என்ன செய்யுதுன்னு எனக்குச் சொல்லு" என்று கேட்டாலே போதும். சொல்லிக்கொண்டு வரும்போதே பிள்ளைக்குத் தப்பு தெரிந்துவிடும். இதற்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

விளையாட்டும், தமிழ் எழுத்தும்

கணக்கு மட்டும் என்றால் சலித்துவிடும். ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணைக் கணினி நினைத்துக்கொள்ள, பிள்ளை கண்டுபிடிக்கும் விளையாட்டைச் செய்யலாம். பெரிதா சிறிதா என்று மட்டும் பதில் வரும். ஒவ்வொரு முறையும் நடு எண்ணைக் கேட்டால் ஏழு முறைக்குள் கட்டாயம் பிடித்துவிடலாம். ஏன் ஏழு என்று ப்ளஸ் ஒன் பிள்ளைகளைக் கேளுங்கள். மடிக்கணினியில் பைத்தானோடு டர்ட்டில் என்ற படம் வரையும் கருவி இருக்கிறது: 100 புள்ளி நட, 90 பாகை திரும்பு, இப்படி நான்கு முறை என்றால் சதுரம். அந்தச் சதுரத்தைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி 36 முறை வரைந்தால் திரை நிறையப் பூ. கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

என் அக்கா மகன் ஊர்ப்பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று செய்தான். கணினி ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, எழுத்துக்கு ஒரு கோடு வீதம் போட்டுக் காட்டும். நாம் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். முதல் ஊராகக் காரைக்குடியைப் போட்டான். திரையில் பத்துக் கோடு வந்தது. "சித்தி, காரைக்குடிக்கு அஞ்செழுத்துதானே, இது பத்துன்னு எண்ணுது" என்று ஓடி வந்தான்.

அவன் நிரலில் தப்பில்லை. லென் என்ற கட்டளை நம் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோடு என்ற எழுத்துப் பட்டியலில் தனி எண் கொடுத்திருக்கும் குறிகளை எண்ணுகிறது. கா என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு க என்ற 2965ஆம் எண்ணும், துணைக்கால் என்ற 3006ஆம் எண்ணும். ரை என்றால் ர ஒன்று, அதன் முன்னால் எழுதும் குறி ஒன்று. க் என்றால் க ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி ஐந்தும் பத்தாகிவிடுகிறது. வணக்கம் என்ற சொல்லையும் இதே போல் ஏழு என்று எண்ணும்.

இதைச் சரிசெய்ய வைப்பதுதான் நான் கொடுக்கும் பயிற்சிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. துணைக்காலில் தொடங்கி ஔகாரக் குறி வரை 11 உயிர்க்குறிகள், அப்புறம் புள்ளி, ஆக 12 குறிகளை ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லை ஒவ்வொரு குறியாக நடந்து பார்த்து, பட்டியலில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணினால் காரைக்குடிக்கு ஐந்து வரும். பட்டியல், மடக்கு, நிபந்தனை மூன்றும் இந்த ஒரு நிரலில் வந்துவிடுகின்றன. கோடு போடுவதோடு நிற்காமல் எழுத்துகளைப் பிரித்தும் எடுக்க வேண்டுமென்றால், ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எழில் என்று முழுக்கத் தமிழிலேயே எழுதும் ஒரு நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. எழிலில் பிரின்ட் கிடையாது, பதிப்பி என்றுதான் எழுத வேண்டும். ஆங்கிலம் வராத பிள்ளைக்கு ஓரிரு வாரம் அதில் பழக்கிவிட்டுப் பைத்தானுக்குக் கொண்டுவரலாம்.

புத்தகம் எது

தேடி அலைய வேண்டாம். தமிழ்நாடு அரசின் ப்ளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் பைத்தானைத்தான் சொல்லித் தருகிறது. தமிழ் வழிப் புத்தகமும் இருக்கிறது, பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் நான்கு பாடமும் பரீட்சைக்கான கோட்பாடு, படித்தால் மிரண்டுவிடும். ஐந்தாவது பாடத்தில் பைத்தானின் மாறிகள் வருகின்றன, அங்கே தொடங்குங்கள். முன்பகுதிக்கு அப்புறம் திரும்பி வரலாம். யூடியூபில் பார்ப்பதென்றால் 360 தரத்தில் வையுங்கள், எழுத்து தெரிய அது போதும். பார்த்த வீடியோவில் உள்ளதை நோட்டில் எழுதி ஓட்டிய பிறகுதான் அடுத்த வீடியோ.

எழுதிய நிரல்களை வாரம் ஒருமுறை கோப்பாக உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போனில் இடம் பற்றவில்லை என்று யாராவது அழித்துவிட்டால் அத்தனையும் போய்விடும்.

பத்தாவது முடித்து ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கணினி அறிவியல் பாடம் உள்ள பிரிவில் ப்ளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், ப்ளஸ் டூவில் பைத்தான். வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுத்தால் ப்ளஸ் ஒன்னில் இணையப் பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும், ப்ளஸ் டூவில் பிஹெச்பியும் வரும். அறிவியல் பிரிவு கிடைக்காவிட்டால் கோடிங் போய்விட்டது என்று வருத்தப்பட வேண்டாம், இரண்டாவது வழியிலும் நிறைய எழுதலாம். எல்லாப் பள்ளியிலும் இரண்டு பிரிவும் இருக்காது. விண்ணப்பம் வாங்குவதற்கு முன் பள்ளிக்குப் போன் செய்து, எந்தப் பிரிவு இருக்கிறது, கணினி ஆசிரியர் இருக்கிறாரா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.